நாலாயிரம் பீக், ஒன்றுக்கும் பெயரில்லை: மெட்டபோலோமிக்ஸ் எதுவரை கைகொடுக்கும்?

#1 இலைச்சாறு

வணக்கம். நெடுநாளாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் முதல் இழை தொடங்குகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் வருடம். ஒரு மூலிகையின் இலைச்சாறு பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிறது. பாக்டீரியா வளர்த்த தட்டில், அவை வளராத வளையம் பளிச்சென்று விழுகிறது. சாற்றை எட்டு ஃப்ராக்ஷனாக (பகுதியாக) பிரித்துப் பார்த்ததில் ஐந்தாவதில்தான் சரக்கு இருக்கிறது. அதை எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) ஓட்டினோம். மென்பொருள் 4,132 ஃபீச்சர் (ஒவ்வொன்றும் ஒரு நிறையில் தெரியும் ஒரு பீக், அதாவது ஒரு சமிக்ஞை முகடு) என்று ஒரு பட்டியலைத் துப்பியது. கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "அருமை, இதில் எது மருந்து என்று கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரமாக எக்செல்லை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பக்கம், இதே கருவியை வைத்து ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயையே கண்டுபிடித்துவிடலாம் என்று செய்தி மேல் செய்தி வருகிறது. எனக்கோ ஓர் இலைக்குள் இருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வக்கில்லை. மனித ரத்தத்தில் எப்படி முடிகிறது? எனக்குத்தான் கைவரவில்லையா, இல்லை இந்தத் துறையே கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கப்பட்டதா?

#2 சும்மாவாசிப்பவர்

அறிவியல் படிக்காதவன் ஒருவன் குறுக்கே வருகிறேன். மெட்டபோலோமிக்ஸ் என்றால் என்ன என்று யாராவது நாலு வரியில் சொன்னால் நானும் பின்தொடர்வேன்.

#3 இரவுப்பணி

நாலு வரியில் முயல்கிறேன். உடலிலோ செடியிலோ வேதிவினைகள் ஓயாமல் நடக்கின்றன. அவற்றில் உள்ளே போவதும் வெளியே வருவதுமான சின்ன மூலக்கூறுகள்தான் மெட்டபோலைட்டுகள்: சர்க்கரை, அமினோ அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், செடியின் ஆல்கலாய்டுகள் போன்றவை. ரத்தப் பரிசோதனையில் குளுக்கோஸ், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் பார்த்திருப்பீர்களே, அவை மூன்றும் மெட்டபோலைட்டுகள்தான். அங்கே மூன்றை மட்டும் அளக்கிறோம். மெட்டபோலோமிக்ஸ் என்பது அகப்படுவதை எல்லாம் ஒரே வீச்சில் அளக்கப் பார்ப்பது. ஜீன் என்ன நடக்கக்கூடும் என்று சொல்கிறது. மெட்டபோலைட் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறது.

'மெட்டபோலோம்' என்ற சொல் 1998-ல்தான் வந்தது. ஆனால் லைனஸ் பாலிங் 1971-லேயே மூச்சுக்காற்றில் சுமார் 250 பொருட்களையும் சிறுநீர் ஆவியில் சுமார் 280 பொருட்களையும் கேஸ் குரோமடோகிராஃபியில் (ஆவியாக்கிப் பிரிக்கும் முறை) பிரித்துக் காட்டிவிட்டார். பெரும்பாலானவை என்னவென்று அப்போது தெரியாது. இலைச்சாறு, உங்கள் பிரச்சினைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கவலைப்படாதீர்கள்.

#4 பழையமெஷின்

இருபது வருடமாக மாஸ் ஸ்பெக் (எல்சி-எம்எஸ்ஸில் நிறையை அளக்கும் கருவி) ஓட்டிச் சோறு தின்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன் தம்பி. 4,132 என்ற எண்ணை முதலில் மறந்துவிடு. ஃபீச்சர் வேறு, பொருள் வேறு.

ஒரே மூலக்கூறு கருவிக்குள் பல வேடம் போடும். ஒரு புரோட்டானை ஒட்டிக்கொண்டு ஒரு பீக், சோடியத்தை ஒட்டிக்கொண்டு சரியாக 21.98 தள்ளி இன்னொரு பீக். இரண்டு மூலக்கூறுகள் கைகோத்தபடி வந்து ஒரு பீக். கார்பன்-13 ஐசோடோப்பால் (சற்றுக் கனமான கார்பன் அணுவால்) ஒன்று தள்ளி ஒரு குட்டி பீக். உள்ளே நுழையும்போதே உடைந்து போன துண்டுகள் தனி. ஆக, உன் நாலாயிரத்தில் உண்மையான பொருள் சில நூறு இருந்தாலே பெரிது.

இரண்டு கேள்வி. பிளாங்க் ஓட்டினாயா? இலையே போடாமல் கரைப்பான், குழாய், வடிகட்டி எல்லாம் அதே மாதிரி கடந்து வந்த பிளாங்க்கைச் சொல்கிறேன். அப்புறம், ஐந்தாம் ஃப்ராக்ஷனில் எல்லாவற்றிலும் உயரமான பீக் எது?

#5 இலைச்சாறு

பிளாங்க்... வெறும் மெத்தனாலை நேராக ஓட்டினோம் சார். நீங்கள் சொல்கிற மாதிரி முழுச் சுற்று போகவில்லை.

உயரமான பீக்கைப் பற்றி நானே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். 391.28. அதோடு 413.27-ம் இருக்கிறது, நீங்கள் சொன்ன சோடியம் வேடம் என்று இப்போது புரிகிறது. இந்தச் செடிக் குடும்பத்தில் இந்த நிறையோடு எதுவும் பதிவாகவில்லை. புதுப் பொருளாக இருக்கும் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே குஷி.

#6 பழையமெஷின்

அந்த மூலக்கூறைக் கருவிக்குள் உடைத்துப் பார்த்தபோது 149.02 என்று ஒரு துண்டு ஓங்கி நிற்கிறதா?

#7 இலைச்சாறு

ஆமாம் சார்! எப்படித் தெரியும்?

#8 பழையமெஷின்

தம்பி, உட்கார்ந்துகொள். அது பிளாஸ்டிக்.

டைஎத்தில்ஹெக்சைல் தாலேட். பிளாஸ்டிக்கை வளையும்படி செய்யச் சேர்க்கும் எண்ணெய். 391.28, 413.27, 149.02 மூன்றும் சேர்ந்து வந்தால் அது உலகத்து மாஸ் ஸ்பெக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான முகம். 803.54-ல் தேடிப் பார், இரண்டு மூலக்கூறும் ஒரு சோடியமும் கைகோத்து நிற்கும். குழாயிலிருந்து வரும், மூடியிலிருந்து வரும், வேக்யூம் பம்பின் ரப்பர் குழாயிலிருந்து வரும், பிளாஸ்டிக் கேனில் வந்த கரைப்பானிலிருந்தும் வரும். உன் சாற்றைச் சுண்டச் சுண்ட அதுவும் சேர்ந்து செறிவாகும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வேரிலிருந்து இதே பொருளைப் பதினோரு நாள் பாடுபட்டுத் தூய்மைப்படுத்தி, என்எம்ஆர் (மூலக்கூறில் அணுக்கள் இணைந்திருக்கும் விதத்தைக் காட்டும் கருவி) எடுத்து, அமைப்பையும் தப்பில்லாமல் வரைந்து மேலதிகாரி மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, தன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தார். இந்தப் பொருளை மூலிகையின் மருந்துச் சத்து என்றே எழுதி அச்சேறிய கட்டுரைகளும் உண்டு. தேடினால் கிடைக்கும், சிரிக்கத்தான் முடியாது.

#9 நம்பமாட்டேன்

இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கருவி கோடிக்கணக்கில், முடிவு பிளாஸ்டிக் மூடி. இலையிலேயே இந்த லட்சணம் என்றால் ரத்தத்தில் கேட்கவே வேண்டாம். 2009-ல் நேச்சர் இதழில் வந்ததே, சார்கோசின், நினைவிருக்கிறதா? 262 மாதிரிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டபோலைட்டுகள். புராஸ்டேட் புற்றுநோய் முற்ற முற்ற சார்கோசின் ஏறுகிறது, சிறுநீரிலேயே பார்த்துவிடலாம் என்று உலகமே கொண்டாடியது. அடுத்த வருடமே வேறு குழு சிறுநீரில் அளந்துவிட்டு, இதனால் நோயைப் பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியது. இன்று எந்த மருத்துவராவது சார்கோசின் எடுத்துவா என்று சீட்டு எழுதுகிறாரா?

#10 இரவுப்பணி

எழுதுவதில்லை, உண்மைதான். ஆனால் சார்கோசினை வைத்து மொத்தத் துறையையும் தூக்கிப் போட்டால், இதே முறையால் பிழைத்த குழந்தைகளை எங்கே வைப்பீர்கள்?

1934, நார்வே. மூளை வளர்ச்சி பின்தங்கிய இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வருகிறார். ஏற்கனவே பல மருத்துவர்களைப் பார்த்துக் களைத்தவர். குழந்தைகளிடம் ஏதோ வித்தியாசமான வாடை வருகிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஃபோலிங் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சொட்டுகிறார். சாதாரணமாக அது பழுப்பாகவே இருக்கும், கீட்டோன் இருந்தால் சிவப்பும் ஊதாவும் கலந்து வரும். இங்கே கரும்பச்சை. அவர் அதுவரை பார்த்திராத நிறம். மருந்தின் வேலையோ என்று எல்லா மருந்தையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார். அப்புறமும் பச்சை. லிட்டர் கணக்கில் சிறுநீரைச் சேகரித்துக் கடைசியில் பிரித்தெடுத்தது ஃபீனைல்பைருவிக் அமிலம். பிறகு காப்பகங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் இன்னும் 8 பேருக்கு அதே பச்சை.

அதுதான் ஃபீனைல்கீட்டோனூரியா. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி வேலை செய்யாததால் அது தேங்கி மூளையைக் கெடுக்கிறது. பிறந்த சில நாட்களில் கண்டுபிடித்து அந்த அமினோ அமிலத்தைக் குறைத்த உணவு கொடுத்தால் குழந்தை சாதாரணமாக வளரும். 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1990-களில் அதே உலர்ந்த பொட்டு மாஸ் ஸ்பெக்குக்குள் போனது. 3 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று, இரண்டு மூன்று நிமிட ஓட்டம், பல பத்து பிறவி நோய்கள் ஒரே சமயத்தில். எம்சிஏடி குறைபாடு என்று ஒன்று உண்டு, கொழுப்பைச் சக்தியாக்கும் ஒரு நொதி வேலை செய்யாத நிலை. வெளியே பார்த்தால் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். காய்ச்சலில் ஒருநாள் சாப்பிடாமல் தூங்கினால் காலையில் எழாமல் போகலாம். அதன் அடையாளம் அந்தப் பொட்டில் ஏறி நிற்கும் ஆக்டனாயில்கார்னிட்டின். சிகிச்சை என்ன தெரியுமா? நீண்ட நேரம் பட்டினி போடாதே, அவ்வளவுதான்.

ஒரு சொட்டு ரத்தத்தில் நோய் என்பது கதையல்ல. ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு.

#11 நம்பமாட்டேன்

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள் டாக்டர். அங்கே ஒரு நொதி உடைந்திருக்கிறது, அதற்கு முந்தைய பொருள் மலையாகக் குவிகிறது, காரணமும் கையில் இருக்கிறது. புற்றுநோய், இதயநோய், நீரிழிவு எல்லாம் அப்படியா? 5 சதவீதம் கூடியது, 8 சதவீதம் குறைந்தது என்று ஒரு வெப்பப்படம் போட்டு அதற்கு 'கையொப்பம்' என்று பெயர் வைப்பதைத்தான் நம்ப மாட்டேன் என்கிறேன்.

#12 எண்பைத்தியம்

கூப்பிடாமலே வருகிறேன், ஏனென்றால் இது என் பேட்டை.

நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று வையுங்கள். சோதனை அபாரமானது: நோயுள்ள 100 பேரில் 95 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும். ஒரு லட்சம் பேருக்குச் செய்கிறோம். நோயாளிகள் 100, அதில் 95 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாதவர்கள் 99,900, அதில் 4,995 பேருக்கும் 'இருக்கிறது' என்று வரும். ஆக உங்கள் கைக்கு வந்த 5,090 'இருக்கிறது' சீட்டுகளில் உண்மை 95. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மீதி ஐயாயிரம் பேர் ராத்தூக்கம் தொலைத்து ஸ்கேனுக்கும் ஊசிக்கும் வரிசையில் நிற்க வேண்டும். பிறந்த குழந்தைகளிடம் இது பலிப்பதற்கு ஒரு காரணம், அங்கே நோயுள்ள எண்ணும் இல்லாத எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை, தூரத்தில் நிற்கின்றன. ஒன்றை வைத்து மட்டும் முடிவு செய்வதும் இல்லை. ஃபீனைல்அலனினோடு டைரோசினையும் அளந்து விகிதம் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் திரும்ப ரத்தம் எடுப்பார்கள்.

இன்னொன்று. 20 நோயாளி, 20 ஆரோக்கியமானவர், 4,000 பீக். இதை பிஎல்எஸ்-டிஏ என்ற கணக்கில் போட்டால் இரண்டு வண்ணப் புள்ளிகள் அழகாக இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும். கட்டுரையில் முதல் படமே அதுதான். இப்போது யார் நோயாளி என்ற சீட்டைக் கண்ணை மூடிக் குலுக்கிப் போட்டுவிட்டு அதே கணக்கைப் போடுங்கள். அப்போதும் பிரியும்! மாறிகள் அவ்வளவு, மனிதர்கள் இவ்வளவு என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் பிரியத்தான் செய்யும். ஆயிரம் முறை குலுக்கிப் பார்த்து, உண்மையான சீட்டில் கிடைத்த பிரிவு அந்தக் கூட்டத்திலிருந்து தனித்து நிற்கிறதா என்று காட்டாத படத்தை நான் பார்ப்பதே இல்லை.

#13 பழையமெஷின்

இதோடு என் பங்குக்கும் ஒன்று. நோயாளி மாதிரிகளைத் திங்களன்றும் ஆரோக்கியமானவர்களைப் புதனன்றும் ஓட்டினால், கருவி கண்டுபிடிப்பது நோயை அல்ல, கிழமையை. கலந்து ஓட்ட வேண்டும். எல்லா மாதிரியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்த கியூசி (தரச் சோதனை மாதிரி) ஒன்றை ஐந்து, பத்து மாதிரிக்கு ஒருமுறை நடுநடுவே விட்டு, அது ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவே ஆடினால் மற்றதைப் பேசி என்ன பயன்?

#14 இரவுப்பணி

கருவிக்குப் போகும் முன்பே பாதி நோய் குழாய்க்குள் உருவாகிவிடுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும், லாக்டேட் ஏறும். வார்டில் எடுத்த ரத்தம் மதியச் சாப்பாடு முடியும் வரை மேசையில் காத்திருக்கிறது, ஆய்வுக்கென்று வந்த தன்னார்வலரின் ரத்தம் ஐந்தே நிமிடத்தில் மையவிலக்கிக்குப் போகிறது. பிறகு கட்டுரையில் 'நோயாளிகளிடம் லாக்டேட் கூடுதல்' என்று வரும். ஒரு முறை எங்கள் தொகுப்பில் இப்படித்தான் அழகான ஒரு வேறுபாடு கிடைத்தது. கடைசியில் ஒரு குழுவுக்கு ஈடிடிஏ குழாய், இன்னொரு குழுவுக்கு ஹெப்பாரின் குழாய் (ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இரு வேறு பொருட்கள்). ஆறு மாத வேலை போயிற்று.

#15 சும்மாவாசிப்பவர்

பயமுறுத்துகிறீர்களே. அப்போ பெரியவர்களின் நோய்களில் உருப்படியாக ஒன்றுகூடத் தேறவில்லையா?

#16 இரவுப்பணி

தேறியிருக்கிறது. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்.

சில மூளைக் கட்டிகளிலும் சில ரத்தப் புற்றுநோய்களிலும் ஐடிஎச்1 என்ற ஜீன் மாறியிருக்கும். மாறி என்ன செய்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. 2009-ல், மாறிய நொதி உள்ள செல்களையும் இல்லாத செல்களையும் எடுத்து உள்ளிருக்கும் மெட்டபோலைட்டுகளை ஒப்பிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் எகிறி நின்றது: 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட். நொதி வெறுமனே கெட்டுப்போகவில்லை, புதிதாக ஒரு கெட்ட வேலையைக் கற்றுக்கொண்டிருந்தது. சாதாரணச் செல்லில் மிகச் சிறிதளவே இருக்கும் இந்தப் பொருள் கட்டியில் குவிந்து ஜீன்களின் பூட்டுச் சாவியையே குழப்புகிறது. மண்டையைத் திறக்காமலே எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் (எம்ஆர்ஐ கருவியிலேயே வேதிப்பொருளை அளக்கும் முறை) இதைப் பார்க்க முடியும் என்று 2012-ல் காட்டினார்கள். 2018-ல் அந்த நொதியை அடைக்கும் ஐவோசிடெனிப் என்ற மருந்து ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு பீக்கில் தொடங்கி ஒன்பது வருடத்தில் மாத்திரை. நம்பமாட்டேன் ஐயா, இதில் காரணமும் இருக்கிறது, குவியலும் இருக்கிறது.

நீரிழிவிலும் ஒன்று உண்டு. 2011-ல் வந்தது. ஃப்ரேமிங்ஹாம் என்ற அமெரிக்க நீண்டகால ஆய்வில் சர்க்கரை இயல்பாக இருந்த 2,422 பேரை 12 வருடம் பின்தொடர்ந்ததில் 201 பேருக்கு நீரிழிவு வந்தது. பின்னால் நோய் வந்தவர்களின் பழைய ரத்தத்தை அளந்தால் லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், ஃபீனைல்அலனின் ஐந்தும் அப்போதே தூக்கலாக இருந்திருக்கின்றன. இது பல நாட்டு மக்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஆனால் வழக்கமான பரிசோதனையாக இன்னும் ஆகவில்லை. உடல் எடை, சர்க்கரை, குடும்ப வரலாறு எல்லாம் தெரிந்த பிறகு இது கூடுதலாக எவ்வளவு சொல்கிறது என்பதுதான் கேள்வி.

#17 நம்பமாட்டேன்

2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டுக்குத் தொப்பியைக் கழற்றுகிறேன். அமினோ அமிலத்துக்குக் கழற்ற மாட்டேன்.

#18 சும்மாவாசிப்பவர்

வாடையை வைத்தே பார்க்கின்சனைக் கண்டுபிடித்த ஒரு பெண்ணைப் பற்றிப் படித்தேனே. அதுவும் இந்தக் கணக்கில்தான் வருமா?

#19 பழையமெஷின்

வரும், ஜாய் மில்ன். ஸ்காட்லாந்துக்காரர், நர்ஸாக இருந்தவர். கணவருக்கு நோய் என்று மருத்துவர்கள் சொல்வதற்குப் பல வருடம் முன்பே அவர் உடம்பு வாடை மாறிவிட்டதை உணர்ந்திருக்கிறார். பிற்பாடு நோயாளிகள் கூட்டத்துக்குப் போனால் அங்கே எல்லோரிடமும் அதே வாடை. எடின்பரோவில் 12 டி-ஷர்ட்டுகளைக் கொடுத்து முகரச் சொன்னார்கள். ஆறு நோயாளிகளுடையது, ஆறு மற்றவர்களுடையது. ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்னார். மற்றவர்களில் ஒருவரையும் நோயாளி என்று சொல்லிவிட்டார், ஒரு பிழை என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதத்தில் அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் என்று தெரியவந்தது.

மான்செஸ்டரில் பெர்டிடா பேரனின் குழு அதைக் கருவிக்குள் கொண்டுவந்தது. மேல்முதுகில் ஊறும் எண்ணெய்ப் பிசுக்கைப் பஞ்சில் ஒற்றி எடுத்து, கேஸ் குரோமடோகிராஃபியில் பிரித்து, வெளியே வரும் ஆவியை ஒரு பக்கம் மாஸ் ஸ்பெக்குக்கும் மறுபக்கம் அந்த அம்மாவின் மூக்குக்கும் அனுப்பினார்கள். 'இப்போ வருது' என்று அவர் சொல்லும் நொடியில் எந்த பீக் என்று பார்ப்பது. 2019 கட்டுரையில் ஹிப்யூரிக் அமிலம், ஐகோசேன், ஆக்டாடெகனல் கூடுதல், பெரில்லிக் ஆல்டிஹைடு குறைவு என்று வந்தது. மூக்கையே டிடெக்டராக வைத்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான்.

#20 வேர்முதல்

தாமதமாக வருகிறேன். இயற்கைப் பொருள் வேதியியல்தான் என் துறை, அதனால் இலைச்சாறுக்கு நேராகவே சொல்கிறேன். பட்டியலிலிருந்து தொடங்காதே தம்பி, வளையத்திலிருந்து தொடங்கு. ஐந்தாம் ஃப்ராக்ஷனை இன்னும் பத்தாகப் பிரி. ஒவ்வொன்றையும் தட்டிலும் வை, கருவியிலும் ஓட்டு. எந்த பீக்கின் ஏற்ற இறக்கம் வளையத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து நடக்கிறதோ அதைப் பிடி.

அடுத்தது, ஏற்கனவே தெரிந்ததைக் கழித்துக்கட்டுவது. எங்கள் துறையில் பாதி ஆயுள் தெரிந்த பொருளையே திரும்பக் கண்டுபிடிப்பதில் போகிறது. இதற்குத்தான் மூலக்கூறு வலைப்பின்னல். 2012-ல் வந்த யோசனை. ஒரே மாதிரி உடைகிற மூலக்கூறுகள் உறவுக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டு, துண்டுகளின் ஒற்றுமையை வைத்துக் கோடு போட்டு இணைப்பது. ஜிஎன்பிஎஸ் என்று ஒரு பொதுத் தளம் இருக்கிறது. சான் டியாகோவில் டோரஸ்டெய்ன், பாண்டெய்ரா குழுக்கள் தொடங்கியது, 2016-ல் கட்டுரையாக வந்தது. தரவை ஏற்று, கூட்டம் கூட்டமாகக் காட்டும். கூட்டத்தில் ஒருவனுக்குப் பெயர் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரனை ஊகிக்கலாம். 303.05 என்ற துண்டு ஒரு கூட்டம் முழுக்க வந்தால் குவர்செட்டின் (செடிகளில் பரவலாக உள்ள ஒரு மஞ்சள் நிறமி) வகை என்று முதலில் சந்தேகப்படு. 162 வித்தியாசத்தில் ஒருவன் நின்றால் ஒரு ஹெக்சோஸ் சர்க்கரை கூடியிருக்கிறது, 146 என்றால் ராம்னோஸ்.

ரொம்பவும் எதிர்பார்க்காதே. 2015-ல் டோரஸ்டெய்ன் குழுவே ஒரு கணக்கு சொன்னது: இப்படி மொத்தமாக எடுக்கும் தரவில் பெயர் வைக்க முடிந்த ஸ்பெக்ட்ரம் 1.8 சதவீதம்தான். மீதியை 'இருண்ட பொருள்' என்று எழுதினார்கள்.

#21 எண்பைத்தியம்

அந்த 1.8-ஐப் பயமுறுத்தப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு ஒரு வருத்தம். பழையமெஷின் சொன்ன வேடதாரிகளும் பிளாஸ்டிக்கும் அந்த இருட்டில் நிறையவே ஒளிந்திருப்பார்கள். இருட்டு முழுவதும் புது மருந்தும் இல்லை, முழுவதும் குப்பையும் இல்லை.

#22 வேர்முதல்

ஒப்புக்கொள்கிறேன். பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான கதை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகைக் கலவையில், ஸ்டெஃபானியா என்ற கொடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா சேர்ந்துவிட்டது. இரண்டின் சீனப் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. காய்ந்த வேரைப் பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு சிட்டிகைப் பொடியை எல்சி-எம்எஸ்ஸில் விட்டிருந்தால் இருக்க வேண்டிய டெட்ரான்ட்ரின் இல்லை, இருக்கக்கூடாத அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். புது மருந்து தேடுவதைவிட இந்தக் காவல் வேலையில்தான் மெட்டபோலோமிக்ஸ் இன்று அதிகம் உதவுகிறது என்பது என் கட்சி. விருது கிடைக்காத வேலை, அவ்வளவுதான்.

நித்தியகல்யாணியையும் சொல்லிவிடுகிறேன். 1950-களில் கனடாவில் நீரிழிவுக்கு ஆகுமா என்றுதான் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அப்படி வந்ததுதான் வின்பிளாஸ்டின், இன்றும் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். செடியில் அது இம்மியளவுதான். ஏன் அவ்வளவு குறைவு? வின்டோலின், கேதரன்தின் இரண்டும் சேர்ந்தால்தான் அது உருவாகும். 2010-ல் இலையின் மேல் மெழுகைத் தனியே கழுவிச் சோதித்தவர்கள் கேதரன்தின் வெளிப்புறம், வின்டோலின் உட்புறம் என்றார்கள். ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்காத ஜோடி. 2023-ல் செல் ஒவ்வொன்றாகப் பிரித்து மாஸ் ஸ்பெக்கில் விட்டபோது, இடியோபிளாஸ்ட் என்ற சில அபூர்வச் செல்களில் இரண்டுமே குவிந்திருப்பது தெரிந்தது. ஓர் இலையை மொத்தமாக அரைத்துப் போட்டால் இந்தக் கதை எதுவும் தெரியாது.

#23 இலைச்சாறு

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நாங்கள் இலையைக் கொதிக்கும் மெத்தனாலில் எடுத்தோம். அது தப்பா?

#24 வேர்முதல்

பொருளைப் பொறுத்தது. ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தின் கதை தெரியுமா? அதைத் தேடிய சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவுக்கு முதலில் ஒருநாள் பலிக்கும், ஒருநாள் பலிக்காது. நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடுதான் கெடுக்கிறது என்று ஊகித்துக் குறைந்த வெப்பத்தில் ஈத்தரில் எடுத்தார். 1971 அக்டோபரில் 191-வது மாதிரி மலேரியாவை முழுதாக அடக்கியது. பாதி இலையைக் குளிரில் எடுத்துப் பார். கொதிக்கும் மெத்தனால் சில அமிலங்களை மெத்தில் எஸ்டராக மாற்றிவிடும் என்பதையும் மனதில் வை. நீ 'கண்டுபிடிக்கும்' எஸ்டர் செடியில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

#25 இலைச்சாறு (ஏழு வாரம் கழித்து)

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா? நிலவரம் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கண்ணாடிக்கு மாற்றினேன். முழுச் சுற்று பிளாங்க் ஓட்டியதில் 391.28 இலையில்லாமலே ஜம்மென்று நின்றது. பிளாங்க்கில் இருந்ததைக் கழித்து, வேடங்களைச் சேர்த்துக் கட்டினால் 4,132 சுருங்கி ஏறக்குறைய 300 ஆகிவிட்டது. வலைப்பின்னலில் ஒரு பெரிய கூட்டம் 303.05. வேர்முதல் அக்கா சொன்னபடி குவர்செட்டின் வகை என்று சந்தேகப்பட்டு, அந்த வகையைச் சேர்ந்த ருட்டினைத் தூய பொருளாக வாங்கி ஓட்டினேன். வெளிவரும் நேரமும் உடையும் விதமும் அச்சாக ஒத்துப்போயின. முதல் முறையாக ஒரு பீக்குக்குத் தைரியமாகப் பெயர் எழுதினேன். ஆனால் ருட்டினைத் தனியே தட்டில் வைத்தால் வளையம் இல்லை.

டானின் (இலையின் துவர்ப்புப் பொருள்) செய்யும் வேலையோ என்று, அதைப் பிடித்துவைக்கும் பாலிஅமைடு வழியே விட்டேன். வளையம் பாதியாகச் சுருங்கியது, போகவில்லை. மீதிப் பாதியோடு கூடவே நடப்பது ஒரே ஒரு சின்ன பீக். 437.19. குளிரில் எடுத்தால் கூடுதலாக இருக்கிறது. தளத்தில் யாரோடும் சேரவில்லை, தனியாக நிற்கிறது.

#26 பழையமெஷின்

பிளாங்க்கில்?

#27 இலைச்சாறு

இல்லை சார். மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

#28 நம்பமாட்டேன்

நான்காவது தரமும் பாருங்கள். (வாழ்த்துகள்.)

#29 பழையமெஷின்

அப்போ மாஸ் ஸ்பெக் தன் வேலையை முடித்துவிட்டது. இனி என்எம்ஆர்தான். நல்ல கருவி கிடைத்தால் மைக்ரோகிராம் கணக்கிலும் பார்ப்பார்கள், ஆனால் நிம்மதியாக அமைப்பு வரைய ஒரு மில்லிகிராம் கையில் வைத்துக்கொள். காய்ந்த இலை நூறு கிராமில் எவ்வளவு வருகிறது?

#30 இலைச்சாறு

ஏறக்குறைய 0.05 மில்லிகிராம். அப்படியென்றால் இரண்டு கிலோ காய்ந்த இலை, வழியில் போகும் நஷ்டத்தோடு மூன்று. செடி இப்போதுதான் பூக்க ஆரம்பித்திருக்கிறது. பூக்கும்போது இலையில் சரக்கு குறைந்துவிடுமோ?

#31 வேர்முதல்

குறையலாம், கூடவும் செய்யலாம். பறிக்குமுன் பூத்த செடியில் ஐந்து இலை, பூக்காத செடியில் ஐந்து இலை, இரண்டையும் ஓட்டிப் பார். பறித்த உடனே திரவ நைட்ரஜனில் போடு. பிளாஸ்டிக் பையில் போடாதே.